புக்கிட்டில் பின்னால் உருளாமல் கார் எடுப்பது எப்படி?

ஏற்றத்தின் மேலே இருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் முன் சக்கரங்கள் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். பிறகு கார் பின்னால் உருளாமல் கிளம்பி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். மலேசியாவில் கார் லைசன்ஸ் தேர்வில் நாமெல்லாம் புக்கிட் என்று சொல்லும் ஏற்றச் சோதனை இவ்வளவுதான். நிதானமாகச் செய்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பினாங்கில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலருக்குத் தேர்வுக்கு முதல் நாள் இரவு தூக்கம் போவது இந்த ஒரு நிமிடத்தால்தான்.

என் அண்ணன் மகளும் அப்படித்தான் அழைத்தாள். "அத்தை, பார்க்கிங் வருது, த்ரீ பாயிண்ட் டர்ன் வருது. புக்கிட்ல மட்டும் நாலு தடவை ஏறினா மூணு தடவை பின்னாடி போகுது." அவளுக்குப் போனில் சொன்னதையும், மறுநாள் வீட்டுக்கு வரச்சொல்லி நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டியதையும் இங்கே எழுதுகிறேன். மேனுவல் கார் ஓட்டக் கற்பவர்களுக்குத்தான் இது முக்கியமாகப் பயன்படும். ஆட்டோ, அதாவது ஆட்டோமேட்டிக் கார் எடுப்பவர்களுக்குக் கீழே கொஞ்சம் இருக்கிறது.

இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக மொத்தப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் லைசன்ஸுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் கேபிபி என்னும் ஓட்டுநர் கல்வி வகுப்பு. அப்புறம் கணினித் தேர்வு. அதில் 50 கேள்விகள், 42 சரியாக இருந்தால் தேர்ச்சி, தமிழிலும் எழுதலாம். பிறகு கற்பவர்களுக்கான எல் லைசன்ஸ் எடுத்து, பயிற்சி நிலையத்தின் வளாகத்திலும் சாலையிலும் ஓட்டிப் பழக வேண்டும். கடைசியில் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் நடத்தும் தேர்வு. அதில் ஒரு பகுதி வளாகத்துக்குள், இன்னொரு பகுதி பொதுச் சாலையில். புக்கிட், பக்கவாட்டுப் பார்க்கிங், த்ரீ பாயிண்ட் டர்ன் மூன்றும் வளாகத்துக்குள் நடப்பவை. தேறிய பிறகு இரண்டு ஆண்டுகள் புதிய ஓட்டுநர்களுக்கான பி லைசன்ஸ்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல் லைசன்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக அப்பாவின் காரையோ அண்ணனின் காரையோ எடுத்துக்கொண்டு தெருவில் பழகப் போகாதீர்கள். எல் ஒட்டிய பயிற்சிக் காரில், உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஓட்டலாம். வீட்டில் காரே இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சி நிறைய இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கிளட்ச் என்றால் என்ன என்று யாராவது சொல்லியிருந்தால்

நான் முதல் முறை தேர்வுக்குப் போனபோது புக்கிட்டில்தான் தோற்றேன். பயிற்சி எடுத்த இடத்தில் "கிளட்ச் மெல்ல விடு, எண்ணெய் கொடு, ஹேண்ட்பிரேக் விடு" என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணெய் என்றால் ஆக்சிலரேட்டர், அது நம் ஊர்ப் பேச்சு. எது முதலில், எது வரும்வரை எதைப் பிடித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்வன்று கொடுத்த கார் நான் பழகிய கார் இல்லை. அதன் கிளட்ச் மிக மேலே வந்துதான் பிடித்தது. வழக்கமான உயரம் வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். கார் பின்னால் போய்விட்டது.

அன்று மாலை ஆயர் ஈத்தாமில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். நான் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வந்தார்.

"இந்தத் தட்டு எஞ்சின். எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்று ஒன்றை என் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். "இது சக்கரத்துப் பக்கம். சும்மா நிக்குது." இரண்டாவது தட்டைச் சடாரென்று முதல் தட்டோடு ஒட்டினார். என் கையிலிருந்த தட்டு நின்றுபோனது. "எஞ்சின் செத்துப்போச்சா? அதான் நீ கிளட்சைப் படார்னு விடுறது." பிறகு மறுபடி சுற்றச் சொல்லி, இரண்டாவது தட்டை மெல்ல மெல்ல உரசவிட்டார். முதலில் உரசல் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அந்தத் தட்டும் சேர்ந்து திரும்பத் தொடங்கியது. "இந்த உரசல்தான் ஹாஃப் கிளட்ச். இது எங்க ஆரம்பிக்குதுன்னு உன் இடது காலுக்குத் தெரியணும். வண்டி மூக்கைத் தூக்குற வரைக்கும் ஹேண்ட்பிரேக்ல இருந்து கையை எடுக்காதே."

கிளட்ச் பெடலை முழுக்க மிதிக்கும்போது இரண்டு தட்டுகளும் பிரிந்திருக்கின்றன. முழுக்க விட்டால் ஒட்டிக்கொள்கின்றன. இடையில் ஓரிரு விரல் அகலத்துக்குள்தான் உரசல் நடக்கிறது. புக்கிட் என்பது அந்த ஓரிரு விரல் அகலத்தில் இடது காலை ஆடாமல் வைத்திருக்கத் தெரிவதுதான். மற்றவையெல்லாம் அதைச் சுற்றி நடப்பவை. அடுத்த முறை நான் தேறியதற்குக் காரணம் அந்த இரண்டு தட்டுகள்.

வீட்டு நாற்காலியில்

குதிகால் தரையில் ஊன்றியிருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். இடது பாதத்துக்குக் கீழே மடித்த சிறிய தலையணையை வைத்து, முன்பாதத்தால் அழுத்துங்கள். இப்போது மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டே முன்பாதத்தை மேலே விடுங்கள். பத்து எண்ணும்போதுதான் தலையணை முழுதாக எழும்ப வேண்டும். பிறகு ஐந்து எண்ணும்போது நிறுத்தி, காலை அப்படியே அசைக்காமல் வைத்திருந்து இன்னொரு பத்து எண்ணுங்கள். முதல் நாள் கணுக்கால் நடுங்கும். மூன்று நாள் காலையும் மாலையும் செய்தால் நடுக்கம் நிற்கும். காரில் பல பேருக்குக் கிளட்ச் நழுவுவது பயத்தால் மட்டும் இல்லை. அந்தத் தசை இப்படி ஒரு வேலையை அதற்குமுன் செய்ததே இல்லை.

காலணி விஷயத்தையும் சொல்கிறேன். அடிப்பாகம் மெல்லியதாக, காலோடு ஒட்டி இருக்கும் ஷூ நல்லது. தடித்த அடிப்பாகம் உள்ள புது ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடலின் அசைவு காலுக்குத் தெரியாது. பயிற்சிக்கு எதைப் போடுகிறீர்களோ அதையே தேர்வுக்கும் போடுங்கள். ஜப்பான் செருப்போடு போனால் தேர்வுக்கு விடமாட்டார்கள், பயிற்சியிலும் அதை விட்டுவிடுவதே மேல்.

முதலில் சமதளம்

காரில் ஏறியதும் இருக்கையைச் சரிசெய்யுங்கள். கிளட்ச் பெடலை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தால், ஹாஃப் கிளட்சில் காலை நிறுத்தவே முடியாது. குள்ளமானவர்கள் வெட்கப்படாமல் இருக்கையை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் உங்களை நேராக ஏற்றத்துக்குக் கூட்டிப்போனால், "முதல்ல கீழே பத்து நிமிஷம் கிளட்ச் பழகிக்கிறேன்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வயதில் மூத்தவர், அவசரத்தில் இருப்பவர் என்று தயங்க வேண்டாம். பணம் கட்டிக் கற்கிறீர்கள்.

சமதளத்தில் முதல் கியர் போட்டு, எண்ணெய் கொடுக்காமல், கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் கார் தானாக நகரத் தொடங்கும். உடனே காலை அங்கேயே நிறுத்துங்கள். கார் ஆமை வேகத்தில் போகும். மறுபடி மிதித்து நிறுத்துங்கள். இதை இருபது தடவை செய்யுங்கள். இருபதாவது தடவை கண்ணை மூடச்சொன்னாலும் உங்கள் கால் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்ததாக அதையே ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில் செய்யுங்கள். இம்முறை கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, எஞ்சின் சத்தம் சீராக இருக்கும்படி வலது காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளட்சை விட்டுக்கொண்டே வாருங்கள். பிடிக்கும் இடம் வந்ததும் மூன்று மாற்றங்கள் வரும். எஞ்சின் குரல் தாழும், பாரம் தூக்கும் ஆள் மூச்சைப் பிடிப்பதுபோல. ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு வரும். காரின் பின்பக்கம் சற்று அமுங்கி, பானெட் ஒரு விரல் அளவு எழும்பும். பெரியப்பா சொன்ன மூக்கு தூக்குவது இதுதான். வீவா, ஆக்சியா, சாகா போன்ற பயிற்சிக் கார்களில் எஞ்சின் முன் சக்கரங்களை இழுக்கிறது, ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைப் பிடித்திருக்கிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் மூக்கு எழும்புகிறது. அந்த எழும்பலைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், ஏற்றத்தில் காரைப் பிடிக்கும் அளவுக்கு எஞ்சின் தயாராகிவிட்டது என்று பொருள்.

அந்த நிலையிலேயே அதிக நேரம் வைத்திருக்க வேண்டாம். தட்டு உரசிச் சூடேறும். கருகிய வாசனை வந்தால் கிளட்சை முழுக்க மிதித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

இப்போது ஏற்றம்

அடிவாரத்திலேயே முதல் கியரில் இருங்கள். எண்ணெயைச் சீராகக் கொடுத்து ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் பயந்து எண்ணெயை எடுத்தால் எஞ்சின் இருமும், இன்னும் எடுத்தால் அணைந்துவிடும். மேலே மஞ்சள் கோடு நெருங்கும்போது எண்ணெயைக் குறைத்தாலே போதும், ஏற்றமே காரின் வேகத்தை இழுத்துவிடும். நிற்க வேண்டிய இடத்தில் கிளட்சையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதியுங்கள். கிளட்சை மட்டும் முதலில் மிதித்துவிட்டுப் பிரேக்கைத் தேடினால் அந்த இடைவெளியில் கார் பின்னால் போகத் தொடங்கிவிடும்.

நின்றாயிற்று. வலது கால் பிரேக்கில் அழுத்தமாக இருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கை நன்றாக மேலே இழுங்கள். பலபேர் தொட்டுத் தூக்குவதுபோல் இழுப்பார்கள். பழைய காரில் அது பிடிக்காது. இன்னும் ஒரு பல் ஏறும்வரை இழுங்கள். பிறகு பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து, கார் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இப்போது அவசரமே இல்லை. இந்த இடத்தில் ஒரு மூச்சு முழுசாக இழுத்து விடுங்கள். கார் ஹேண்ட்பிரேக்கில் இருக்கிறது, அது உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் அண்ணன் மகளின் பிரச்சினை இங்கேதான் இருந்தது. நின்ற அடுத்த நொடியே கிளம்ப வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு இருந்தாள். பின்னால் காத்திருக்கும் கார், வெளியே நின்று பார்க்கும் ஆள், எல்லோரும் தன்னை விரட்டுவதாக அவளுக்குத் தோன்றியது. அதனால் மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்தாள். ஹேண்ட்பிரேக் இறங்கும் நேரத்தில் கிளட்ச் பிடித்திருக்கவில்லை.

சரி, கிளம்பலாம். எண்ணெய் கொடுங்கள். சமதளத்தில் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். சுற்று காட்டும் மீட்டர் இருந்தால் முள் 1,500க்கும் 2,000க்கும் இடையில் நிற்கட்டும். இல்லாவிட்டால் காதை நம்புங்கள். சத்தம் அலறக் கூடாது, முனகவும் கூடாது. அந்தச் சத்தம் கிடைத்ததும் வலது காலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இனி இடது கால் மட்டும்தான் வேலை செய்கிறது.

கிளட்சை மெல்ல விடுங்கள். குரல் தாழ்கிறது, மூக்கு எழும்புகிறது. இடது காலை நிறுத்துங்கள். இரண்டு கால்களும் சிலை மாதிரி. இப்போதுதான் கை. ஹேண்ட்பிரேக்கை ஒரு நூல் மேலே தூக்கி, பொத்தானை அழுத்தி, அடிவரை இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் விளக்கு அணைந்ததா என்று ஒரு பார்வை பாருங்கள். பாதி இறக்கிய ஹேண்ட்பிரேக்கோடு கிளம்பினால் கார் இழுக்கும், எஞ்சின் அணையும்.

கை இறங்கியதும் கார் நின்ற இடத்திலேயே நிற்கலாம், மெல்ல முன்னே நகரலாம். இரண்டும் நல்லதே. கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, கார் உருண்ட பிறகு கிளட்சை மெதுவாக முழுசாக விடுங்கள். கார் நகர்ந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இடது காலைச் சட்டென்று தூக்கிவிடுவது இந்த நேரத்தில் நிறைய பேர் செய்யும் தவறு. அதுவரை எல்லாம் சரியாக வந்திருக்கும், அந்த நொடியில் குலுங்கி அணைந்துவிடும். உச்சியைத் தாண்டும்வரை காலில் பொறுமை வேண்டும். மறுபக்கம் இறங்கும்போது எண்ணெயை எடுத்துவிட்டுப் பிரேக்கில் காலை வைத்து, முதல் கியரிலேயே மெல்ல இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்சை முழுக்க மிதித்து வைத்திருந்தால் கார் ஓட்டமெடுக்கும்.

கோடு எங்கே இருக்கிறது

ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன் சக்கரம் தெரியாது. அதனால் மஞ்சள் கோட்டுக்குள் நிற்பதைக் கண்ணால் அளக்க முடியாது, அடையாளம் வைத்துத்தான் அளக்க வேண்டும். நண்பர்கள் "கம்பம் உன் தோளுக்கு நேரா வரும்போது நிறுத்து" என்று சொல்வார்கள். அது அவர்கள் உயரத்துக்கும் அவர்கள் இருக்கைக்கும் சரி. உங்களுக்கு நீங்களே கண்டுபிடியுங்கள். பயிற்சியில் ஒருமுறை கோட்டுக்குள் சரியாக நிற்கும்படி பயிற்றுநரை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நின்றதும், உட்கார்ந்த நிலையில் வலது பக்கக் கண்ணாடிக்கு நேராக என்ன தெரிகிறது, தோளுக்கு நேராக என்ன தெரிகிறது என்று பார்த்து வையுங்கள். ஒரு கம்பம், சுவரில் ஒரு கறை, ஓரக்கல்லில் ஒரு வெடிப்பு, எதுவானாலும் சரி. இன்னும் இரண்டு முறை ஏறி அதே அடையாளத்தில் நிறுத்தி, சக்கரம் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டால் பதறாமல் ஹாஃப் கிளட்சில் ஒரு சாண் முன்னே நகர்த்தலாம். தாண்டிப்போய்விட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை, பின்னால் வரக் கூடாது. ஆகவே கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைப்பது நல்லது.

பயிற்சியில் தவறு நடக்கும். எஞ்சின் அணைந்தால் முதலில் பிரேக்கை மிதியுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், கிளட்சை மிதித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைத் தேடிக் கை போகும்முன் பிரேக்கில் கால் போக வேண்டும், இந்த வரிசையைக் கால் தானாகச் செய்யும்வரை பழகுங்கள். எதனால் அணைந்தது என்றும் உடனே யோசியுங்கள். எண்ணெய் குறைவாக இருந்தால் எஞ்சின் முனகி அணையும். கிளட்சைத் திடீரென்று விட்டால் குலுங்கி அணையும். இரண்டின் சத்தமும் வேறு வேறு. கிளம்பும்போது பின்னால் உருண்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மூக்கு எழும்பும் முன்னே கை இறங்கிவிட்டது.

ஆட்டோ எடுப்பவர்களுக்கு

2014இல் ஆட்டோ கார் மட்டும் ஓட்டுவதற்கான டிஏ வகை லைசன்ஸ் வந்த பிறகு மேனுவல் வேண்டாம் என்று போகிறவர்கள் நிறைய. அவர்களுக்கும் புக்கிட் உண்டு. கிளட்ச் இல்லை என்பதால் எளிது, ஆனால் முழுக்கக் கவலையற்றது என்று நினைக்க வேண்டாம். ஆட்டோ கார் சமதளத்தில் பிரேக்கை விட்டதும் தானாக ஊர்ந்து போகும். செங்குத்தான ஏற்றத்தில் அந்த ஊர்தல் போதாது, பின்னால் வரலாம். ஆகவே இங்கும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எண்ணெய் கொடுத்து, கார் இழுப்பதை உணர்ந்த பிறகு கையை இறக்குங்கள். டிஏ எடுத்தவர்கள் மேனுவல் கார் ஓட்ட முடியாது. பின்னாளில் லாரி, வேன் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே மேனுவல் எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து.

தேர்வு நாள்

அடையாள அட்டையை, அதாவது மைகார்டை மறக்காதீர்கள். காலர் வைத்த சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய ஷூ. காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முறை வரும்வரை பல மணி நேரம் காத்திருக்க நேரிடும். வெறும் வயிற்றில் கால் நடுங்குவது பயத்தால் நடுங்குவதுபோலவே இருக்கும்.

வளாகத் தேர்வில் காருக்குள் நீங்கள் மட்டும்தான். அதிகாரி வெளியே நின்று பார்ப்பார். இது எனக்கு யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். பயிற்சி முழுக்கப் பக்கத்தில் ஒரு பெரிய ஆளை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு, தேர்வில் தனியாக ஏறும்போது கார் இலேசாகியிருக்கும். அதே எண்ணெய்க்குக் கொஞ்சம் துள்ளலாகக் கிளம்பும். கடைசி வகுப்பில் பயிற்றுநரை இறங்கி நிற்கச் சொல்லி, வளாகத்துக்குள் இரண்டு முறை தனியாக ஏறிப்பாருங்கள். அந்த வெறுமைக்கும் பழகிக்கொள்வீர்கள்.

தேர்வுக்குக் கிடைக்கும் கார் நீங்கள் பழகிய அதே மாதிரியாக இருந்தாலும் கிளட்ச் வேறு மாதிரி இருக்கும். ஒன்று தரையோடு பிடிக்கும், இன்னொன்று முழங்கால் எழும்பும் அளவுக்கு மேலே வந்து பிடிக்கும். அதைப் புக்கிட்டில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. தொடக்கக் கோட்டிலிருந்து நகரும்போது அது சமதளம்தான். அந்த முதல் நகர்வை வேண்டுமென்றே மிக மெதுவாகச் செய்யுங்கள். கார் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதை உங்கள் கால் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நான் தோற்ற அன்று இது தெரிந்திருந்தால் தோற்றிருக்க மாட்டேன்.

உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் இருக்கையைத் தள்ளியிருப்பார். எவ்வளவு பதற்றம் இருந்தாலும் இருக்கை, கண்ணாடி, சீட்பெல்ட் மூன்றையும் சரிசெய்யாமல் கியரைத் தொடாதீர்கள்.

மழை பெய்தால் ஷூவின் அடியைக் காரின் மிதியடியில் தேய்த்துத் துடைத்துவிட்டு பெடலில் வையுங்கள். ஏற்றத்தில் காரின் பாரம் பின்னால் சாய்வதால் முன் சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. ஈரத்தில் எண்ணெயை அதிகம் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழை நாளில் எண்ணெய் சற்றுக் குறைவாக, கிளட்ச் இன்னும் மெதுவாக.

பி ஒட்டிய பிறகு

பினாங்குத் தீவில் ஓட்டப் போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி தேர்வோடு முடியாது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையேறும் துன் சார்டோன் சாலையில், முன்னால் போகும் லாரி நடு வளைவில் நின்றால் நீங்களும் நிற்கத்தான் வேண்டும். பத்து பெரிங்கி தாண்டித் தெலுக் பாஹாங் போகும் கடலோரச் சாலையில் வார இறுதியில் ஏற்றத்திலேயே நெரிசல் நிற்கும். பேரங்காடிகளின் பல மாடிக் கார் நிறுத்தத்தில் வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம் எல்லாவற்றையும்விடக் கடினம். வளைவும் ஏற்றமும் சேர்ந்து வரும், பின்னால் வரும் கார் ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே நிற்கும்போது முன்னால் இருக்கும் காருக்கும் உங்களுக்கும் இடையில் அதன் பின் சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் தெரியும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவரும் புதியவராக இருக்கலாம், அவர் கார் கொஞ்சம் பின்னால் வரலாம்.

சின்ன ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து எண்ணெய்க்குக் காலை வேகமாக மாற்றியே சமாளிக்கலாம். அனுபவம் வந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் ஆறு மாதம் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஹேண்ட்பிரேக் இழுத்தே எடுங்கள். பின்னால் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். புது மைவி போன்ற கார்களில் பிரேக்கை விட்ட பிறகும் ஓரிரு நொடி காரைப் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது உதவிக்கு இருக்கட்டும், அதை மட்டும் நம்பிப் பழகினால் வேறு காரில் ஏறும்போது கால் தடுமாறும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் காரில் போகிறவர்கள் பலர் ஏற்றத்தெருக்களில் ஓரமாக நிறுத்திவிட்டு நடப்பார்கள். அப்படி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் போட்டுவிட்டு இறங்குங்கள், மேல் நோக்கி நிறுத்தினால் முதல் கியர், கீழ் நோக்கி நிறுத்தினால் ரிவர்ஸ். ஆட்டோ என்றால் கியரைப் பி (பார்க்கிங்) நிலையில் வையுங்கள். சக்கரங்களையும் திருப்பி வையுங்கள். இடது ஓரத்தில், கீழ் நோக்கி நிறுத்தினால் முன் சக்கரங்கள் இடப்பக்கம், ஓரக்கல்லைப் பார்த்தபடி. மேல் நோக்கி நிறுத்தும்போது ஓரக்கல் இருந்தால் வலப்பக்கம், இல்லாவிட்டால் இடப்பக்கம். பிரேக் நழுவினாலும் கார் சாலைக்கு வராமல் ஓரத்திலேயே தடுக்கப்பட்டு நின்றுவிடும்.